எங்கன இருக்கு என்று கேட்ட டீச்சர்

நம் வயதுக்காரர்கள் கூடுகிற வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியின் சுவரில் வட்ட வட்டமாக முகங்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், உம்மென்றிருக்கிற முகம். காலையில் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளை, தன் மனசு அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டுமாம். மனநலம் என்று அதற்குத் தனியாக ஒரு பீரியடும் உண்டாம். நம் காலத்தில் பிரம்புதான் மனநலம் என்று ஒருவர் எழுத, நீங்கள் எல்லோரும் சிரித்திருந்தீர்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டேன்.

பிறகு அடுப்படியில் நிற்கும்போதுதான், நமக்கும் இருந்ததே என்று தோன்றியது. எல்லோருக்கும் இல்லை. புதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், நாலாம் வகுப்பில், ஒரே ஒரு மழைக்காலத்துக்கு இருந்தது. பெயர்தான் கிடையாது. குழுவில் எழுதினால் நீளும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் அப்போது பெரும்பாலும் ஆட்டுக்காரர்கள். நாங்களும் அப்படித்தான். கொஞ்சம் கரிசல் நிலமும் இருந்தது. புரட்டாசியில் மழை விழுந்து பருத்தியும் கம்பும் உளுந்தும் முளைத்துவிட்டால் ஆடு மேய இடம் இருக்காது. அய்யா மற்றவர்களோடு சேர்ந்து ஆடுகளை மேற்கே ஓட்டிப் போய்விடுவார். நஞ்சைக் காடுகளில் உரத்துக்காக ராத்திரி ஆட்டுக்கிடை போட்டு, ஊர் ஊராக நகர்ந்து, இங்கே வெள்ளாமை வீடு வந்தபிறகு தை, மாசியில்தான் திரும்புவார். அதுவரை வீட்டில் அம்மாவும் நானும்தான். அந்த வருடம் அம்மா நிறைமாதமாக இருந்ததால் அய்யாவின் அக்கா, என் அத்தை, துணைக்கு வந்திருந்தாள்.

டீச்சர் அந்த மழையோடுதான் வந்தார். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, தார் ரோட்டில் இறங்கி, ஊருக்குள் நடந்து வரவேண்டும். நனைந்த கரிசல் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய இரண்டு கால்களும் இரண்டு கருப்புப் பானைகளாக இருந்தன. செருப்பு உள்ளே எங்கேயோ இருந்தது. நாங்கள் சிரித்தோம். அவர் படியில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மண்ணை வழித்துப் போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"சிரிங்க. எனக்கே சிரிப்பாத்தான் வருது. கூடவே அழுகையும் வருது. ரெண்டும் ஒண்ணா வருமா? உங்களுக்கு வந்திருக்கா?"

வாத்தியார்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் புத்தகத்தில் இருக்கும். இதற்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் கடைக்கார அண்ணாச்சியின் மகள்தான் எழுந்தாள். தன் அக்கா கல்யாணமாகி வண்டி ஏறிப் போனபோது தனக்கு அப்படி வந்தது என்றாள். அக்காவின் பாயும் தலையணையும் இனிமேல் தனக்குத்தான் என்று சிரிப்பு. அதில் படுத்ததும் அழுகை. டீச்சர் மண் வழிப்பதை நிறுத்திவிட்டு, ரொம்ப முக்கியமான சேதி கேட்டதுபோல் தலையை ஆட்டினார்.

அதிலிருந்து தினமும் கடைசி மணியில் புத்தகத்தை மூடிவிடச் சொல்வார். வெளியே தூறிக்கொண்டிருக்கும். ஓட்டுக் கூரை ஒழுகுகிற இடங்களில் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்திருப்போம். டொக் டொக்கென்று அதில் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் ஒவ்வொருவராகக் கேட்பார். நேற்று ராத்திரி இடி இடித்ததே, பயந்தாயா? பயந்தாய் என்றால் அந்தப் பயம் உடம்பில் எங்கே இருந்தது?

"எங்கன இருக்குன்னு தொட்டுக் காட்டணும். சும்மா பயமாருந்துச்சுன்னு சொன்னா எனக்கு வெளங்காது."

முதலில் எல்லோரும் நெஞ்சைத் தொட்டோம். அது பொய் என்று எங்களுக்கே தெரிந்தது. யோசித்துப் பார்த்தபோது ஒருத்திக்குப் பயம் முழங்காலில் இருந்தது. ஒருவனுக்கு அடிவயிற்றில். எனக்குக் காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. பொறாமையைத் தேடச் சொன்ன அன்றைக்கு எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். அப்படி ஒன்று தனக்கு இருப்பதாக யார் ஒப்புக்கொள்வார்கள்? டீச்சரே முதலில் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். தன் தங்கை நன்றாகப் பாடுவாள், அவள் பாடும்போது தனக்கு இங்கே இறுகும் என்றார். சந்தோஷம் எனக்குப் பல்லில் இருக்கிறது என்று ஒருவன் சொல்லி, எல்லோரும் அவன் பல்லைப் பார்க்கப் போய் வகுப்பு ரெண்டுபட்டது.

இன்னொரு நாள் அவர் உள்ளே வரும்போதே முகம் சரியில்லை. முந்தைய வாத்தியார்களுக்கு முகம் சரியில்லாத நாளில் நாங்கள் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்வோம். டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை.

"இன்னைக்கு எனக்கு எரிச்சலா இருக்கு. பஸ்ஸில ஒரு ஆளு கண்டபடி பேசிட்டான். உங்க மேல ஒண்ணுமில்ல. ஆனா அது உங்க மேல விழுந்துரக் கூடாதுன்னு பாக்குதேன். அதனால கொஞ்ச நேரம் நீங்க எழுதிக்கிட்டு இருங்க."

நாங்கள் எழுதவில்லை. சிலேட்டுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவர்களின் கோபம் என்பது மழைபோல, தானாக வந்து நம் மேல் கொட்டிவிட்டுப் போகும் என்றே அதுவரை நினைத்திருந்தோம். ஒருவர் தன் கோபத்தைத் தானே பிடித்து வைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். அவர் சன்னலோரம் நின்று பருத்திச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, போயிருச்சு என்றார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அதுதான் விளையாட்டு. எனக்கு எரிச்சலா இருக்கு, ஒன் மேல இல்ல என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் போய் ஆளாளுக்குத் தனியாக நிற்போம்.

எங்கே படித்தார் இதையெல்லாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒருநாள் நேராகவே கேட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

நானும் கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். கேட்க முடியாத ஆட்களை உற்றுப் பார்த்தேன். சாயங்காலங்களில் அம்மாவும் அத்தையும் தீப்பெட்டி ஒட்டுவார்கள். மயில்துத்தம் கலந்த பசையின் நெடி வீடு முழுக்க இருக்கும். அத்தைக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். அவள் ஒட்டுகிற பெட்டியின் மூலை மட்டும் கிழியும். அவளுக்குக் கோபம் விரல் நுனியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து நானே மெச்சிக்கொண்டேன். அம்மாவிடம் மட்டும் வாய் விட்டுக் கேட்டேன். சந்தோஷம் உனக்கு எங்கே இருக்கிறது? அவள் பசைக் கையைத் துடைத்துவிட்டு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஒரு கால் என் உள்ளங்கையை உதைத்தது.

ஊருக்கு இது பிடிக்காமல் போனது கடைக்கார அண்ணாச்சியால்தான். அவர் மகள் கடையில் ஆள் நிற்கும்போது, ஒங்களுக்குக் கோவம் எங்கன இருக்கு என்று அவரைக் கேட்டுவிட்டாள். அவர் "இங்கன" என்று கையை ஓங்கினாராம். சீனி வாங்க நின்றவர்கள் சிரித்தது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. அதற்குள் வேறு வீடுகளிலும் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ராத்திரி அடித்த சித்தப்பாவிடம் ஒருவன் கேட்டிருக்கிறான். மாமியாரிடம் பேசாத மருமகளிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள். வீட்டு விசயத்தைப் பிள்ளைகளிடம் கிண்டி எடுத்து அந்த அம்மா பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிறாள் என்று குழாயடியில் பேச்சு. அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கே வந்து, டீச்சரை ஊரைவிட்டே அனுப்பச் சொல்லிப் பெரிய வாத்தியாரிடம் முறையிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு மேலே அவர் ஒருவர்தான். அன்று கடைசி மணியில் கதவுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உள்ளே வந்து, எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"இது வம்பு பிடிச்ச ஊரும்மா. வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க. அது யாரையும் அழவைக்காது."

ஏழாம் வாய்ப்பாட்டில் அழாத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த ஊரில் வருடக்கணக்காக ஒரு பள்ளிக்கூடத்தை மூடாமல் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற்றாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாக அலைந்தவர். ஊர் முறைத்துக்கொண்டால் பெஞ்சு காலியாகிவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எங்கே இருந்தது என்று அவரிடம் கேட்க ஆளில்லை.

மறுநாளிலிருந்து கடைசி மணியில் வாய்ப்பாடு.

ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. வில்வண்டியில் தார் ரோடு வரைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைக் கடைக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கு முன் அத்தை மட்டும் தனியாக வந்து, உத்திரத்தில் தொங்கிய தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து எங்கோ வைத்தாள். பிறகு அம்மா வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று அத்தை என்னிடம் சொன்னாள். பிறந்த பிள்ளை அழவே இல்லை என்பதும், அம்மாவின் தம்பி, என் மாமா, அவனைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்ததும் பெரியவர்கள் பேசியதை ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

அதன்பிறகு அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அம்மாவுக்கு நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். அத்தை கோவில்பட்டியிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி அம்மாவின் மாரில் வைத்து இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு அப்படிக் கட்டுவது வழக்கம். அவிழ்த்துப் போட்ட பூ மூலையில் பழுப்பாகக் கிடந்து ஒரு புளித்த வாசனை அடித்தது. அதோடு அந்த வேலை முடிந்தது என்று அத்தை நினைத்தாள்.

அம்மா எழுந்து வேலை பார்த்தாள். ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்துப் புகைவது தெரியாமல் அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டி ஒட்டுவதை நிறுத்தினாள். தலை சீவுவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பொழுது சாயும்போது அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். பல் கிட்டிக்கொள்ளும். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அத்தைக்கு முதலில் கோபம், அப்புறம் பயம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மயானத்துப் பக்கம் வண்டி நின்றதாம். அங்கே எதுவோ பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடாங்கி வந்து உடுக்கடித்துப் பேய் விரட்டுவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அத்தை சாணி அள்ளப் போயிருந்தாள். எனக்கு அம்மாவுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரியவேண்டும். பேய் என்றால் அது எங்கே உட்கார்ந்திருக்கும்? பயத்தைவிட அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது. பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டேன்.

"எம்மா, ஒனக்கு எங்கன இருக்கு?"

அவள் சுவரைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மாரின் ஒரு பக்கத்தில் வைத்தாள். சேலைக்கு மேலேயே சுட்டது. அடியில் கல்போல் ஏதோ இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னதும்மா அது?"

"தெரியல."

"அத்தைட்ட சொல்லவா?"

"வேண்டாம். பிள்ளையே இல்ல. பாலப் பத்தி யார்ட்ட போய்ச் சொல்ல."

பள்ளிக்கூடத்தில் அன்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. உள்ளங்கையில் அந்தச் சூடு இருந்துகொண்டே இருந்தது. மதியம் மஞ்சள் ரவை உப்புமாவைத் தட்டில் வாங்கி அப்படியே வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சரிடம் போனேன். அத்தையிடம் சொல்லக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்கு மாருல இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. சுடுது."

"என்னது இருக்கு?"

"தெரியல. நீங்க எங்கனன்னுதான கேக்கச் சொன்னீங்க."

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. காய்ச்சல் உண்டா, நடுக்கம் உண்டா என்று கேட்டார். சாயங்காலமானால் நடுங்குவாள், இன்றைக்குக் கோடாங்கி வரப்போகிறார் என்றேன். அவர் டப்பாவை மூடிவிட்டு நேராகப் பெரிய வாத்தியாரிடம் போனார். அவர்கள் பேசியது முழுதாகக் காதில் விழவில்லை. வீட்டு விசயம், வேண்டாம் என்று அவர் சொல்வது மட்டும் கேட்டது. அப்படியென்றால் அரை நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள் சார் என்று சொல்லிவிட்டு டீச்சர் என் கையைப் பிடித்து நடந்தார்.

வாசலில் அத்தை நின்றாள். டீச்சர் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஊரில் பேசிக்கொண்டதையெல்லாம் அத்தையும் கேட்டிருந்தாள். அவள் வழிவிடவில்லை.

"பள்ளிக்கூடத்துல கேட்டது பத்தலன்னு இங்கன வந்தீகளா?"

டீச்சருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"அக்கா, நான் உள்ள வரல. இங்கனயே நிக்குதேன். கோடாங்கியும் வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னால நீங்க போயி ஒரு தடவ அவிய மாரத் தொட்டுப் பாருங்க. அது போதும்."

அத்தை அவரை முறைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அம்மா போர்வையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அதை விலக்கி, கை வைத்தாள். அவள் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. வாய் திறந்தபடி இருந்தது. அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூக் கட்டுனேன். சரியாப் போச்சுன்னு நெனச்சேன்," என்று அத்தை யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு வாசலைப் பார்த்து, "உள்ள வாங்க டீச்சர், ஒரு கை பிடிங்க," என்றாள்.

மத்தியானத்தில் பஸ் கிடையாது. அத்தை என்னைக் கடைக்கு ஓடச் சொன்னாள். அண்ணாச்சி விவரம் கேட்கவில்லை. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றதும், கடையை அப்படியே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சேறு தெறிக்கத் தார் ரோட்டுக்கு ஓடினார். சரக்கு ஏற்றிக்கொண்டு போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனை மறித்து நிறுத்தி வைத்தார். அதில் பண்டல்களுக்கு நடுவே அம்மாவைப் படுக்கவைத்து, அத்தையும் டீச்சரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து போனார்கள். கொஞ்ச நாளுக்கு முன் டீச்சரை ஊரைவிட்டு அனுப்பச் சொன்னவர், அவர் வேனில் ஏறக் கை கொடுத்தார்.

வீட்டில் நானும், பள்ளிக்கூடம் விட்டுத் துணைக்கு வந்த அண்ணாச்சி மகளும் மட்டும் இருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் கோடாங்கி வந்துவிட்டார். அவரை மறந்தே போயிருந்தோம். தோளில் பை, பைக்குள் உடுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னோம். அவர் போகவில்லை. களைத்துப்போய் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டோம். பேயையெல்லாம் விரட்டுகிற ஆள் இவ்வளவு பக்கத்தில் இனி எப்போது கிடைப்பார்?

"ஒமக்குப் பயம் எங்கன இருக்கும்?" என்று கேட்டேன்.

திட்டுவார் என்று அண்ணாச்சி மகள் என் பாவாடையை இழுத்தாள். அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். தொண்டைக்குழியைத் தொட்டார்.

"இங்கன. உடுக்க எடுக்கதுக்கு முன்ன அடைச்சுக்கிடும். சாமி இன்னைக்கு வரலன்னா என்ன செய்யன்னு."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டதுபோல் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, பிழைத்து வந்தால் சரி என்றார்.

ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதாக அத்தை பிறகு ஊரெல்லாம் சொன்னாள். வேனில் போகும்போது நடந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை. அது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபிறகு. பாதி வழியில் அத்தை திடீரென்று, எனக்கும் ரெண்டு போச்சு, யாரு கேட்டா என்றாளாம். அம்மாவுக்கு அதுவரை அது தெரியாது. அய்யாவுக்குக்கூடத் தெரியுமோ என்னவோ. அத்தை அம்மாவைப் பேசவிடாமல் வைத்திருந்தது வன்மத்தால் அல்ல. தான் எப்படித் தாங்கினாளோ அந்த ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேனில் இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். டீச்சர் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம்.

இதற்குப் பிறகு கடைசி மணி திரும்ப வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பெரிய வாத்தியார் சொன்ன சொல்லை மாற்றவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. ஆனால் பெரிய வாத்தியார் அந்த அரை நாளை லீவாக எழுதவே இல்லை என்று டீச்சர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். கோடை லீவு முடிந்து ஜூனில் போனபோது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வழியனுப்பக் கிடைக்காதது அன்றைக்கு எனக்குத் தொண்டையில் இருந்தது.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்பு, மாசியில் நடந்தது.

அய்யா ஆடுகளோடு திரும்பி வந்தார். பிள்ளை தங்கவில்லை என்ற சேதி யாரோ ஆட்டுக்காரர் மூலமாக அவருக்குப் போயிருந்தது. கேட்டும் வராமல் இருந்துவிட்டாரே, என்ன மனுசன் என்று ஊரில் சொன்னார்கள். கிடையை அடுத்தவன் ஊரில் விட்டுவிட்டு வரமுடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர் வந்து ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்க்காமல் வாசலிலேயே நின்றார். அத்தை பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அம்மாதான் பேசினாள். அவன் அழவே இல்லை என்றும், தலை நிறைய முடி இருந்தது என்றும், தன்னிடம் ஒரு நிமிஷம் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றும், நின்றபடியே, எதிரே பார்த்துச் சொன்னாள். அய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கன வச்சிருக்கு?" என்றார். மாமாவுக்குத்தான் தெரியும் என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அய்யாவும் அம்மாவும் நானும் கோவில்பட்டி போனோம். மாமா வந்து காட்டினார். ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு பொட்டல். வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. புதைத்த இடத்தில் ஒரு கல் வைத்ததாக மாமா சொன்னார். மழையில் மண் குழைந்து, பிறகு வெயிலில் வெடித்து, எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. கல்லென்றால் அங்கே எத்தனையோ கற்கள். மாமா இங்கேயும் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு, இங்கனதான் மச்சான், இந்த சுத்துலதான் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அய்யா அவர் தோளில் கை வைத்து, போதும், நீ போயி டீக்கடையில இரு என்று அனுப்பினார்.

நாங்கள் மூவரும் அந்தப் பொட்டலில் நின்றோம். திருநெல்வேலிப் பக்கம் போகிற ரயில் ஒன்று கடந்து போனது. அதன் சத்தம் அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு குனிந்து, வெடித்த மண்ணில் கையை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாக ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவனுக்குப் பெயர் இருந்தது என்பது அய்யாவுக்கும் எனக்கும் அப்போதுதான் தெரியும். வயிற்றில் இருந்தபோதே வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

அய்யா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பெயரை அவரும் சொன்னார்.